சாஸ்திரியார் அறிக்கையை நம்பலாமா?

உயர்நிலை நான்கு மாணவர்களிடம் ஒரு மூல ஆதாரத்தைக் கொடுத்து, "இதை நம்பலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "நம்பலாம், ஏன்னா எழுதினவர் இந்தியர், அதுவும் அரசாங்க அறிக்கை" என்று பதில் வரும். பாசிர் ரிஸில் என் மாணவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பதிலை அசைத்துப் பார்க்க நான் எடுப்பது வி. எஸ். சீனிவாச சாஸ்திரியின் மலாயா அறிக்கை.

சாஸ்திரி வலங்கைமான்காரர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர், அதாவது நம்ம ஆள். 1927இல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜென்ட் ஆனார். தூதர் என்ற பட்டம் இல்லை, வேலை தூதர் வேலைதான். 1936 இறுதியில் மலாயாத் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர் நிலையைப் பார்த்துவர அவரை அனுப்பினார்கள். சில வாரப் பயணம். 1937இல் அறிக்கை வந்தது.

பொருளாதார மந்தத்துக்கு முன் நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மந்தத்தில் அதை வெட்டினார்கள். பழைய கூலியைத் திரும்பக் கொடுங்கள், கங்காணி வழி ஆள்சேர்ப்பை நிறுத்துங்கள் என்றார் சாஸ்திரி. ஆனால் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதைத் தடுக்கக் காரணம் இல்லை என்றும் எழுதினார். மலாயா இந்தியர் மத்தியச் சங்கத்தாருக்கு இது பெரிய ஏமாற்றம். 1937இல் கூலி உயர்ந்தது. மறு ஆண்டே ரப்பர் விலை சரிய, மறுபடியும் வெட்டு. 1938 ஜூனில் இந்திய அரசே உதவிக் குடியேற்றத்தைத் தடை செய்தது.

அப்படியென்றால் அறிக்கை பொய்யா? அவசரப்படாதீர்கள். கூலி எவ்வளவு, இந்திய அரசு எதைக் கேட்கத் துணிந்தது, எதைக் கேட்கத் தயங்கியது என்பதற்கு இது நல்ல சாட்சி. தொழிலாளி மனசில் என்ன இருந்தது என்பதற்கு அல்ல. எழுதியவரும் தமிழர், தொழிலாளரில் பெரும்பாலோரும் தமிழர். ஆனால் அறிக்கை ஆங்கிலத்தில், அரசாங்கத்துக்காக எழுதப்பட்டது.

இதோடு 1941 கிள்ளான் வேலைநிறுத்தக் கோரிக்கைகளை வைத்துப் பாருங்கள். கூலி உயர்வு இருக்கிறது, கள்ளுக்கடையை மூடச் சொல்வது இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது: துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கணும் என்ற வழக்கம் ஒழியணும். 50 காசு, 40 காசு கணக்கில் அந்தச் சைக்கிள் எங்கே தெரியும்? அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர் இறந்தார்கள். தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

ஹிட்லர் பாடத்திலும் இதே சிக்கல் வரும். 1933 ஏப்ரலில் பெர்லினிலிருந்த பிரிட்டிஷ் தூதர் ஹொரஸ் ரம்போல்ட், ஹிட்லரின் நூலை அலசி லண்டனுக்கு எச்சரிக்கை எழுதினார். லண்டனுக்கு எப்போது என்ன தெரியும் என்பதற்கு அது அருமையான ஆதாரம். ஜெர்மன் தொழிலாளி ஏன் ஹிட்லர் பக்கம் போனார் என்று கேட்டால் வேறு ஆதாரம் தேடணும்.

ஆகவே மாணவர்களே, "நம்பலாம்", "நம்ப முடியாது" என்று ஒரு சொல்லில் முடிக்காதீர்கள். "எதற்கு நம்பலாம்?" என்று கேட்டு எழுதுங்கள். ஆசிரியர்கள் சாஸ்திரியின் கூலிப் பரிந்துரையையும் கிள்ளான் கோரிக்கைகளையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுங்கள். முதலில் சைக்கிளைப் பற்றிக் கேளுங்கள், கூலியை அப்புறம் பார்க்கலாம். பின்வரிசைப் பிள்ளைகள்கூட வாய் திறப்பார்கள்.