இடையாள் இல்லாத பாலம்: கிரிப்டோ நாணயப் பரிமாற்றத்தின் வாக்குறுதி குறித்து ஒரு திறனாய்வு

ஒரு பிளாக்செயினில் பிறந்த நாணயத்தை இன்னொரு பிளாக்செயினில் பயன்படுத்த முடியுமா? அதுவும் எந்த நிறுவனத்தையும் நம்பாமல் முடியுமா? முடியும் என்று பல திட்டங்கள் பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சொல்லி வருகின்றன. அந்தக் கூற்றில் மெய் எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சிக்கலின் வேர்

பிட்காயின் என்பது பிட்காயின் பேரேட்டில் உள்ள ஒரு பதிவு. அந்தப் பேரேட்டுக்கு வெளியே அதற்கு இருப்பு இல்லை. ஆகவே பிட்காயினை எத்தீரியத்துக்கு 'அனுப்புவது' என்பது பேச்சுவழக்கு மட்டுமே. உண்மையில் ஓரிடத்தில் பிட்காயினைப் பூட்டிவைத்து, மற்றோரிடத்தில் அதற்கு ஈடாக ஒரு சீட்டை வெளியிடுகிறார்கள்.

வடசென்னைத் துறைமுகத் தொழிலை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. சரக்கு கடலில் இருக்கும்போதே 'பில் ஆஃப் லேடிங்' கைமாறிவிடும். கண்டெய்னர் மணலியிலுள்ள ஒரு யார்டில் வந்து கிடக்கும். டெலிவரி ஆர்டர் கொண்டுவருபவருக்குப் பெட்டி கிடைக்கும். தாள் ஊர் சுற்றுகிறது, பொருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தாளின் மதிப்போ யார்டின் பூட்டையும் காவலையும் பொறுத்தது. கிரிப்டோ பாலங்களிலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: பூட்டின் சாவி யாரிடம்?

சாவிகளின் கதை

2019 ஜனவரியில் வெளிவந்த 'ராப்டு பிட்காயின்' இதற்கு ஒளிவுமறைவற்ற விடையைத் தந்தது. பிட்கோ என்ற நிறுவனம் பிட்காயினைக் காக்கும். எத்தீரியத்தில் அதற்குச் சீட்டு வழங்கப்படும். இங்கே இடையாள் உண்டு, அவர் பெயரும் உண்டு. 2024 ஆகஸ்டில் காவல் பொறுப்பை ஜஸ்டின் சன்னுடன் தொடர்புடைய மற்றொரு நிறுவனத்துடன் பகிரப்போவதாகப் பிட்கோ அறிவித்தபோது எழுந்த சலசலப்பு, அந்தச் சீட்டின் மதிப்பு எதன்மேல் நின்றது என்பதைக் காட்டியது.

சாவியைப் பலருக்குப் பங்கிட்டால் போதும் என்பது அடுத்த விடை. ரோனின் பாலத்தில் ஒன்பது சரிபார்ப்பாளர்கள் இருந்தனர். ஐவர் கையொப்பமிட்டால் பணம் நகரும். அவற்றுள் நான்கு சாவிகள் ஒரே நிறுவனத்திடம் இருந்தன. 2022 மார்ச் 23 அன்று ஐந்து சாவிகளைக் கைப்பற்றிய திருடர்கள் 1,73,600 ஈத்தரையும் 2.55 கோடி யுஎஸ்டிசியையும் கொண்டுசென்றனர். ஆறு நாள் யாருக்கும் தெரியவில்லை. ஒன்பது என்ற எண் பரவலாக்கத்தைக் காட்டியது. சாவிகள் இருந்த இடம் அதைப் பொய்யாக்கியது.

மனிதரை விட்டு நிரலை நம்புவோம் என்றால் அங்கும் ஆபத்து உண்டு. 2022 பிப்ரவரியில் வோர்ம்ஹோல் பாலத்தின் கையொப்பச் சரிபார்ப்பில் இருந்த ஓட்டை வழியே, ஈடு எதுவும் இல்லாமல் 1,20,000 ஈத்தருக்கான சீட்டுகள் உருவாக்கப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் நோமாட் பாலத்தில் ஒரு தவறான புதுப்பிப்பு, போலிச் செய்தியையும் உண்மை என ஏற்கவைத்தது. முதல் திருடனின் பரிவர்த்தனையை நகலெடுத்து முகவரியை மட்டும் மாற்றிப் பலர் பணத்தை அள்ளினர். இழப்பு ஏறத்தாழ 19 கோடி டாலர்.

உண்மையிலேயே இடையாள் அற்ற வழிகள்

இடையாளே இல்லாத முறை ஒன்று உண்டு: 2013இல் முன்மொழியப்பட்ட 'அணுப் பரிமாற்றம்'. ஒருவர் ஓர் இரகசிய எண்ணைத் தேர்ந்து, அதன் கைரேகை போன்ற 'ஹாஷ்' மதிப்பால் தம் நாணயத்தைப் பூட்டுகிறார். எதிர்த்தரப்பினர் அதே மதிப்பால் மற்றொரு பிளாக்செயினில் தம் நாணயத்தைப் பூட்டுகிறார். முதலாமவர் எதிர்த்தரப்பின் நாணயத்தை எடுக்க இரகசியத்தை வெளியிட்டாக வேண்டும். வெளியிட்டவுடன் மற்றவரும் எடுத்துக்கொள்ளலாம். காலக்கெடு தாண்டினால் அவரவர் நாணயம் அவரவருக்கே திரும்பும்.

இது அழகான தீர்வு, ஆனால் வேறொரு கேள்விக்கான தீர்வு. நாணயம் இங்கே பயணம் செய்வதில்லை, உரிமையாளர்தான் மாறுகிறார். எதிரில் ஒருவர் மாற்றிக்கொள்ளக் காத்திருக்க வேண்டும். இரகசியத்தை வைத்திருப்பவர் விலை போகும் போக்கைப் பார்த்துக் கடைசி நேரத்தில் விலகவும் முடியும்.

ஒரு பிளாக்செயின் மற்றொன்றின் பதிவுகளைத் தானே சரிபார்ப்பது மற்றொரு வழி. காஸ்மாஸ் குடும்பத்துப் பிளாக்செயின்கள் 2021 முதல் இப்படி இயங்குகின்றன. பிட்காயினுக்கு இது எளிதில் பொருந்தாது. பிட்காயினின் தொகுதித் தலைப்புகளை எத்தீரியம் சரிபார்க்கலாம். 2016இலேயே இது செய்துகாட்டப்பட்டது. ஆனால் எத்தீரியத்தில் நடந்ததைச் சரிபார்க்கும் ஆற்றல் பிட்காயினின் எளிய நிரல்மொழிக்கு இல்லை. எனவே உள்ளே போவதை நிரூபிக்கலாம். பூட்டிய பிட்காயினை விடுவிக்க மீண்டும் சாவி வைத்திருப்போர் தேவை. 2023இல் முன்வைக்கப்பட்ட பிட்விஎம், அந்தக் குழுவில் ஒருவர் நேர்மையாக இருந்தால் போதும் என்ற அளவுக்கு நம்பிக்கையின் தேவையைக் குறைக்க முயல்கிறது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் ஒன்று என்பது சுழியம் அன்று.

சென்னைத் தீர்ப்பு கற்பிப்பது

2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் பரிமாற்றகத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள ஈத்தரும் எத்தீரியம் சார்ந்த நாணயங்களும் களவாடப்பட்டன. இழப்பை எல்லாப் பயனர்மீதும் பகிரும் திட்டம் சிங்கப்பூரில் முன்வைக்கப்பட்டது. எக்ஸ்ஆர்பி நாணயம் வைத்திருந்த சென்னைப் பயனர் ஒருவர் இதை ஏற்காமல் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினார்; திருட்டுப்போனவற்றில் அவருடைய நாணயம் இல்லை. 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் ஒரு சொத்து என்றும் அதை ஒருவர் பொருட்டு மற்றொருவர் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்றும் கூறி, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு வழங்கினார்.

வாசிர்எக்ஸ் பாலம் அன்று, பரிமாற்றகம். ஆயினும் ஒப்பீடு பொருந்தும்: திரையில் தெரியும் இருப்பு, வேறொருவர் காவலில் உள்ள பொருளின்மீதான உரிமைக் கோரிக்கையே. இந்த வழக்கில் நிறுவனம் ஒன்று இருந்ததால் நீதிமன்றம் ஆணையிட முடிந்தது. இடையாளை நீக்குவோர் அத்துடன் பிரதிவாதியையும் நீக்கிவிடுகிறார்கள். நோமாட்டில் பணத்தை அள்ளிய நூற்றுக்கணக்கான முகவரிகளுக்கு எங்கே நோட்டீஸ் அனுப்புவது?

மதிப்பீடு

'நம்பிக்கை தேவையில்லை' என்ற தொடர் துல்லியமற்றது. நம்பிக்கை நிறுவனத்திலிருந்து குழுவுக்கும், குழுவிலிருந்து நிரலுக்கும், நிரலிலிருந்து அதைப் புதுப்பிப்போருக்கும் இடம் மாறுகிறது. அதைக் குறைக்கும் ஆய்வுகள் மதிக்கத்தக்கவை. குறைத்ததை ஒழித்ததாக விற்பது மதிக்கத்தக்கதன்று. ஒரு பாலத்தை மதிப்பிடும் மாணவர் நான்கு கேள்விகள் கேட்டால் போதும். பூட்டிய நாணயத்தை எத்தனை பேர் சேர்ந்தால் நகர்த்தலாம்? அவர்கள் உண்மையில் தனித்தனி ஆட்களா? நிரலை மாற்றும் உரிமை யாருடையது? பிழை நேர்ந்தால் இழப்பு யாருடையது? இவற்றுக்கு விடை தராத திட்டத்தில் இடையாள் இல்லாமல் போகவில்லை. அவர் பெயர்தான் நமக்குச் சொல்லப்படவில்லை.