வெயிலை அளந்து ஊற்றும் தண்ணீர்

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களிடையே சூரிய ஒளியில் தானே இயங்கும் சொட்டுநீர்க் கருவிகளுக்கு இன்று நல்ல மதிப்பு. சின்னப் பேனல், சிறிய டிசி பம்பு, ஒரு தண்ணீர் டிரம், மெல்லிய கறுப்பு டியூப், தொட்டிக்கு ஒரு டிரிப்பர்: அமைப்பு இவ்வளவுதான். டைமர் சொன்ன நேரத்தில் சொன்ன அளவு ஊற்றுபவை ஒரு வகை. வெயில் ஏறினால் அதிக நேரமும், மேகம் மூடினால் குறைந்த நேரமும் ஓடுபவை இன்னொரு வகை. இரண்டாம் வகையின் ஆதரவாளர்கள் அதை வசதியான பொருள் என்று சொல்வதோடு நிற்பதில்லை. செடியின் தேவையை அறிந்து ஊற்றும் கருவி என்கிறார்கள். வெயில் ஏறும்போது செடியின் தாகம் ஏறுகிறது, அதே வெயில் பம்பையும் ஓட்டுகிறது, எனவே தேவையும் வரத்தும் தாமாகவே ஒத்துப்போகின்றன என்பது அவர்கள் வாதம். கேட்பதற்குச் சீரான வாதம்தான். ஆனால் தொட்டிச் செடிக்கும் தொங்கும் தொட்டிக்கும் அது பொருந்தாது.

கருவியின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஈரமான மொட்டைமாடியில் மின்கம்பி இழுக்க வேண்டிய ஆபத்து இல்லை. ஹோஸ் பிடித்து ஊற்றும்போது தரையில் ஓடி வீணாகும் தண்ணீர் மிச்சமாகிறது. குனிந்து நிமிர முடியாத முதியவர்களும், நான்கு நாள் ஊருக்குப் போகிறவர்களும் செடிகளைக் காப்பாற்றிக்கொள்ள முடிகிறது. இவற்றுக்காக ஒருவர் இதை வாங்கினால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் மறுப்பு கருவி இருப்பதைப் பற்றியதன்று. வெயிலை அளந்தால் தாகத்தை அளந்ததாகிவிடும் என்ற நம்பிக்கையைப் பற்றியது.

ஒரு செடியிலிருந்து நீர் ஆவியாவதற்கு வெயில் ஒரு காரணம் மட்டுமே. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஹோவர்ட் பென்மன் 1948-இல் வெளியிட்ட சமன்பாடு இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. அதில் ஒரு பகுதி சூரியக் கதிர்வீச்சு தரும் ஆற்றல். மறு பகுதி காற்றின் வேகமும் அதன் வறட்சியும். 1972-இல் பிரீஸ்ட்லி, டெய்லர் என்ற இருவர் இதை எளிமையாக்கினார்கள். பரந்த, நன்றாக நனைந்த நிலப்பரப்பில் கதிர்வீச்சுப் பகுதியை 1.26-ஆல் பெருக்கினாலே ஆவியாதலை ஏறத்தாழக் கணக்கிட்டுவிடலாம் என்றார்கள். வெயிலைக் கொண்டே நீர்த்தேவையைச் சொல்லலாம் என்ற எண்ணத்துக்கு அறிவியலில் உள்ள இடம் இதுதான். ஆனால் அதற்கு விதித்த நிபந்தனையைப் பார்க்க வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் நீர் நிற்கும் நெல்வயலில் காற்று வயலைக் கடக்கும்போதே ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. அதனால் வெயில்தான் அங்கே முதன்மை. சூடேறிய சிமென்ட் தளத்தின் நடுவில் தனியாக நிற்கும் ஒரு தொட்டியின் நிலை இதற்கு நேர் எதிர். கைப்பிடிச் சுவரிலும் தளத்திலும் பட்டுக் காய்ந்து வரும் காற்று அந்த ஒரே செடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. கொக்கியில் தொங்கும் தொட்டிக்கு அடிப்புறமும் பாதுகாப்பில்லை. எல்லாப் பக்கமும் காற்று. வயலுக்குப் பொருந்தும் தர்க்கத்தை அது சற்றும் பொருந்தாத இடத்தில் விற்கிறார்கள்.

இதன் விளைவைக் கோவையின் ஆனி, ஆடி மாதங்களில் காணலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பலமான காற்று வீசும் காலம் அது. தென்மேற்குப் பருவமழையின் மேகங்கள் வானத்தை மூடியிருக்கும், நகரத்தில் பெய்யும் மழையோ சொற்பம். பேனல் மங்கிய ஒளியைக் கண்டு பம்பைச் சுருக்கமாக ஓட்டும். காற்றோ தொங்கும் தொட்டியைக் காயவைத்துக்கொண்டே இருக்கும். சென்னையின் ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். இரவெல்லாம் பெய்து மண் நீர்கோத்து நிற்கும். காலையில் வானம் வெளுத்து வெயில் அடித்ததும் பம்பு உற்சாகமாக ஓடும். கத்திரி வெயிலிலும் கணக்கு இடறுகிறது. உச்சிவேளையின் வறண்ட வெப்பத்தில் பல செடிகள் இலைத்துளைகளைச் சுருக்கி நீர் இழப்பைக் கட்டுப்படுத்துகின்றன. அதாவது வெயில் உச்சத்தில் இருக்கும்போது அவற்றின் நீர்ச்செலவு அதே விகிதத்தில் ஏறுவதில்லை. கற்றாழை போன்றவை துளைகளைத் திறப்பதே பெரும்பாலும் இரவில்தான். பம்போ நண்பகலில்தான் அதிகம் ஊற்றுகிறது, அதுவும் வெயிலில் கிடந்து கொதித்த கறுப்பு டியூபின் தண்ணீரிலிருந்து தொடங்கி.

வெயிலை விட்டுவிட்டாலும் இன்னொரு சிக்கல் நிற்கிறது: ஒரே பம்பு எல்லாத் தொட்டிகளையும் ஒன்றாகப் பாவிக்கிறது. அப்படிப் பாவிக்கக்கூட அதனால் முடிவதில்லை. தரைமட்டத்தில் 3 மீட்டர் உயரத்துக்கான அழுத்தம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2 மீட்டர் உயரத்தில் தொங்கும் தொட்டிக்கு எஞ்சுவது 1 மீட்டர். சாதாரண டிரிப்பரில் நீரோட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே மாறுவதால், தரையில் இருக்கும் தொட்டி 100 மில்லி வாங்கும் நேரத்தில் மேலே தொங்குவது ஏறக்குறைய 58 மில்லிதான் வாங்கும். விரைவில் காயும் தொட்டிக்குக் குறைவு, மெதுவாகக் காயும் தொட்டிக்கு மிகுதி! அழுத்தத்தைச் சமன்செய்யும் டிரிப்பர்கள் உண்டு. ஆனால் அவற்றில் பல 5 முதல் 10 மீட்டர் வரையான அழுத்தம் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும், அது இச்சிறு பம்புகளில் பலவற்றுக்கு எட்டாத அளவு. மிகுதியின் கேடும் சிறியதன்று. தொட்டி மண்ணின் அடியில் வடியாமல் தேங்கும் நீர்ப்படலத்தின் உயரம் தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததன்று, மண்கலவையைப் பொறுத்தது. ஆழம் குறைந்த தொட்டியில் அது வேர்ப்பகுதியின் பெரும்பங்கை மூழ்கடித்துவிடும். கோகோபீட் மேலே உலர்ந்து வெளிறித் தெரியும்போதே கீழே சேறாக இருக்கும். காற்றில்லாமல் வேர் அழுகினால் இலை துவளும். துவண்ட இலையைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து டிரிப்பரை இன்னும் திறந்துவிடுவார்கள்.

நெதர்லாந்தின் கண்ணாடிக்கூடங்களில் தக்காளிக்கு வெயிலின் கூட்டுத்தொகையைக் கணக்கிட்டுத்தானே தண்ணீர் விடுகிறார்கள் என்பது ஆதரவாளர்கள் முன்வைக்கக்கூடிய வலுவான மறுப்பு. உண்மைதான். குறித்த அளவு கதிர்வீச்சு சேர்ந்ததும் அங்கே ஒரு முறை பாசனம் நடக்கிறது. ஆனால் அங்கே ஆயிரக்கணக்கான செடிகளும் ஒரே வகை, ஒரே வயது, ஒரே அளவு ராக்வூல் பலகையில் நிற்பவை. வெளிக்காற்று நேரே வீசாத மூடிய கூடம் அது. எல்லாவற்றுக்கும் மேலாக, விட்ட நீரில் எவ்வளவு வடிந்தது என்று அவர்கள் அளக்கிறார்கள். பொதுவாக 20 முதல் 30 சதவீதம் வடிய வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் பாசனத்தைத் திருத்துகிறார்கள். அந்த முறையின் உயிர் இந்தத் திருத்தத்தில் இருக்கிறது. வெயில் கணக்கு அங்கே ஓர் ஊகம், வடிநீர்தான் தீர்ப்பு. ரோஜாவும் கீரையும் மணிபிளான்டும் கலந்திருக்கும் மாடியில் ஊகத்தை மட்டும் கடன்வாங்கித் தீர்ப்பை விட்டுவிட்டால், அந்த உதாரணம் ஆதரவாளர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

ஈரமானி சென்சார் பொருத்தினால் சரியாகிவிடும் என்பார்கள். ஒரு தொட்டியில் குத்திய சென்சார் அந்தத் தொட்டியின் அந்த இடத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். இருபது தொட்டிகளின் சார்பில் பேசாது. மின்தடையை அளக்கும் மலிவான சென்சார்கள் ஈர மண்ணில் அரித்துப்போகின்றன. மற்றவற்றையும் செம்மண்ணுக்கு ஒரு விதமாக, கோகோபீட்டுக்கு ஒரு விதமாகத் திருத்தியமைக்க வேண்டும். பூவாளியோடு போகிற மனிதர் மட்டும் எல்லாவற்றையும் அளந்தா ஊற்றுகிறார் என்றும் கேட்பார்கள். அளப்பதில்லை, ஆனால் திருத்திக்கொள்கிறார். தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் எடை சொல்லிவிடுகிறது, விரலை மண்ணில் விட்டால் ஈரம் தெரிகிறது, நேற்று அதிகம் ஊற்றியது இன்று கண்ணில் படுகிறது. உப்புத் தண்ணீரால் அடைத்த டிரிப்பரும், இலைக்கு அடியில் படிந்த மாவுப்பூச்சியும் தினமும் செடியருகே போகிறவருக்கே உடனே தெரியும். தானியங்கிக் கருவி கை உழைப்பைக் குறைப்பதாகச் சொல்கிறது. உண்மையில் அது குறைப்பது பார்வையை. தவறு நேராத முறை எதுவும் இல்லை. தவறைத் தானே காட்டிக்கொடுக்கும் முறைக்கும் அது செடியைக் கொல்லும்வரை மறைத்துவைக்கும் முறைக்கும் உள்ள வேறுபாடுதான் இங்கே முக்கியம்.

ஆகவே இந்தக் கருவி எங்கே உதவும் என்பதை வரையறுத்துக்கொள்வது நல்லது. ஒரே அளவுத் தொட்டிகள், ஒரே செடி, ஒரே மட்டம், மழைக்காலத்தில் நிறுத்திவைக்கும் ஒழுக்கம், வாரம் ஒருமுறையாவது ஒவ்வொரு டிரிப்பரின் கீழும் குவளை வைத்து அளக்கும் பொறுமை: இவை இருந்தால் அது நல்ல துணை. தொங்கும் தொட்டிகளைத் தரைத்தொட்டிகளின் டியூபோடு சேர்க்கவே கூடாது. விற்பவர்களும் எந்த உயரத்தில் எத்தனை மில்லி வரும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். அதைச் செய்யாமல் செடியின் தேவையை அறிந்து ஊற்றுகிறது என்று விளம்பரம் செய்வது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம். அந்தக் கருவி அறிந்திருப்பது வெயிலை மட்டும்தான். வேரை அறிகிற பொறுப்பு வளர்ப்பவருடையது. அந்தப் பொறுப்பை இறக்கிவைக்கச் சொல்லும் எந்தக் கருவியையும் தோட்டக்கலையின் முன்னேற்றம் என்று ஏற்க முடியாது.