புள்ளியை யார் சொல்வது?

எமது சஞ்சிகைகளில் கவிதைத் தொகுப்புகளுக்கு விமர்சனம் வருகிறது. நாடகங்களுக்கும் குறும்படங்களுக்கும் வருகிறது. எமது வீடுகளில் பிள்ளைகள் நாள்தோறும் கையிலெடுக்கும் ஒன்றைப் பற்றி மட்டும் எவரும் எழுதுவதில்லை. வீடியோ கேம் என்றால் "பிள்ளையள் கெட்டுப்போகுதுகள்" என்ற ஒற்றை வசனத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இது விமர்சனமல்ல, அலுப்பு. ஒரு படைப்பைத் திறந்து பாராமல் தீர்ப்புச் சொல்வது கவிதைக்குப் பொருந்தாதெனில், விளையாட்டுக்கும் பொருந்தாது.

நியூ ஜேர்சியில் நண்பரொருவரின் வீட்டில் கண்ட காட்சியே இதை எழுதத் தூண்டியது. அங்கே பழைய 'வீ' இயந்திரமொன்று இன்னமும் வேலை செய்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மம்மாவும் அமெரிக்காவில் பிறந்த பத்து வயதுப் பேரனும் ரெனிஸ் ஆடினார்கள். அவனுக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும், வாயில் வராது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அம்மம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கையிலிருந்த கருவியை விசுக்கினார். திரையிலிருந்த உருவம் பந்தை அடித்தது. இரண்டு ஆட்டங்களை அவரே வென்றார். வீடே கைதட்டியது. மொழியின்றியே இரண்டு தலைமுறைகள் சேர்ந்துவிட்டன என்று நாமும் மகிழ்ந்துபோனோம். தேநீர் குடிக்கும்போது எப்படியிருந்தது என்று அவரிடம் கேட்டோம்.

"நல்லாத்தான் விளையாடினனாங்கள். ஆனா ஒண்டும் கதைக்கேல்லைத் தம்பி" என்றார்.

அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் இந்த விளையாட்டை நாம் மீண்டும் பார்க்கவேண்டியிருந்தது. நின்ரெண்டோ நிறுவனம் 2006 நவம்பரில் அமெரிக்காவில் 'வீ' இயந்திரத்தை வெளியிட்டபோது 'வீ ஸ்போர்ட்ஸ்' என்ற விளையாட்டுத் தொகுதியை அதனுடன் சேர்த்தே கொடுத்தது. அதிலுள்ள ரெனிஸில் ஆடுபவர் செய்யவேண்டியது விசுக்குவது ஒன்றுதான். பந்தை நோக்கி ஓடுவது இயந்திரம். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று தீர்ப்பதும் இயந்திரம். புள்ளியை எண்ணுவதும் அதுவே. முழங்கால் வலியுள்ள எழுபது வயதுப் பெண்மணி முதல் நாளிலேயே ஆட முடிந்தது இதனால்தான். இந்த நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஆடுபவர் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசவேண்டிய தேவை ஓரிடத்திலும் இல்லை. இருவரும் இயந்திரத்தோடுதான் ஆடுகிறார்கள், ஒரே நேரத்தில்.

ஆரம்பத்தில் இப்படி இருக்கவில்லை. வீட்டுத் தொலைக்காட்சியில் பொருத்தி ஆடும் முதல் இயந்திரம் 1972இல் மக்னவொக்ஸ் நிறுவனம் விற்ற 'ஒடிசி'. அதற்குச் சத்தமில்லை, நிறமில்லை. ரெனிஸ் ஆடுவதற்கு மைதானம் வரைந்த ஒளி ஊடுருவும் தாளொன்றைத் திரையில் ஒட்டவேண்டும். ஆடுபவர்கள் இரண்டு வெள்ளைச் சதுரங்கள், பந்து இன்னொரு சதுரம். சதுரத்தைக் குமிழ் திருகி நகர்த்தவேண்டும். பந்து கோட்டைத் தாண்டியதா என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. புள்ளி எண்ணவும் அதற்குத் தெரியாது. ஆடுபவர்களே பார்த்து, வாதாடி, ஒத்துக்கொள்ளவேண்டும். தொழில்நுட்பம் வளராத காலத்தின் குறைபாடு என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்தக் குறைபாட்டுக்குள் இரண்டு மனிதர்களுக்கு இடமிருந்தது.

அந்த இயந்திரத்தின் கரு ரால்ஃப் பேயர் என்பவருடையது. 1922இல் ஜேர்மனியில் பிறந்த யூதர். 1938 நவம்பரில் யூதர்களின் கடைகளும் தொழுகைக்கூடங்களும் நொறுக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னர் குடும்பத்தோடு தப்பி நியூயோர்க் வந்தவர். வந்த புதிதில் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே, தபால் மூலம் வானொலி திருத்தப் படித்தார். 1966இல் நியூயோர்க்கின் பஸ் நிலையமொன்றில் காத்திருந்தபோதுதான் தொலைக்காட்சியில் விளையாடலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. மறுநாள் அதை நான்கு பக்கங்களில் எழுதிவைத்தார். பின்னர் பில் ஹரிசன், பில் ரஷ் ஆகியோருடன் சேர்ந்து அதை இயந்திரமாக்கினார். 2014இல் இறந்தார். அவருடைய அகதி வாழ்வையும் இயந்திரத்தையும் முடிச்சுப் போடுவது எமது நோக்கமல்ல. ஆனால் "இது வெள்ளைக்காரப் பிள்ளையளின்ர விளையாட்டு, எங்களுக்கென்ன" என்போர், இதைத் தொடக்கிவைத்தவர் எம்மைப்போல் ஊரைவிட்டு ஓடிவந்த ஒருவர் என்பதை அறிந்திருப்பது நல்லது.

புள்ளி எண்ணும் வேலை எப்போது இயந்திரத்தின் கைக்குப் போனது? 1972 மே மாதத்தில் கலிபோர்னியாவின் பேர்லிங்கேமில் நடந்த அறிமுகக் காட்சியில் ஒடிசியைப் பார்த்தவர்களில் நோலன் புஷ்னெலும் ஒருவர். அதே வருடம் அவரது அட்டாரி நிறுவனம் 'பொங்' விளையாட்டைச் சனிவேலில் ஒரு மதுச்சாலையில் வைத்தது. மக்னவொக்ஸ் வழக்குப் போட்டு, 1976இல் இணக்கத்தில் முடிந்தது தனிக்கதை. எமக்கு முக்கியமானது வேறொன்று. பொங் காசு போட்டு ஆடும் இயந்திரம். அடுத்த காசு விழவேண்டுமென்றால் இந்த ஆட்டம் முடிந்தாகவேண்டும். எனவே திரையின் மேற்பகுதியில் புள்ளி தோன்றியது. பதினொன்று எடுத்தால் ஆட்டம் முடிந்தது. மதுச்சாலையின் கல்லாவுக்குத் தேவைப்பட்ட நடுவர், 1975இல் பொங்கின் வீட்டு வடிவத்தோடு வரவேற்பறைக்குள்ளும் நுழைந்தார். இன்றுவரை அவர் எழுந்து போகவில்லை.

ஊரில் நாம் கிளித்தட்டு ஆடியது நினைவுக்கு வருகிறது. கோடு கீற ஒரு தடி போதும், வேறு கருவியில்லை. ஓட்டம் முழுவதும் எங்களுடையது. பாதி நேரம் ஓட்டம், மீதி நேரம் சண்டை. "பட்டது", "படேல்லை", "அளாப்பாதை!" வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல ஒருவரும் வரமாட்டார்கள். சண்டை பிடித்து, ஒத்துப்போய், பொழுதுபட்டு அம்மா கூப்பிடும்வரை தொடர்ந்தோம். எமது பேச்சில் பெரும்பகுதியை நாம் கற்றது வகுப்பறையில் அல்ல, அந்தக் கோட்டருகில்தான்.

ஆகவே எமது தீர்ப்பு இது. 'வீ' ரெனிஸ் நல்ல விளையாட்டு. எமது முதியவர்களுக்குக் கதவு திறந்துவிட்ட விளையாட்டு. ஆனால் மனிதர்களுக்கிடையே இருந்த வேலையை முழுவதுமாகத் தானே எடுத்துக்கொண்ட விளையாட்டும்கூட. மொழி தேவைப்படாத விளையாட்டு என்று நாம் கைதட்டியதும் இதற்குத்தான். மொழி ஏற்கனவே தேய்ந்துகொண்டிருக்கும் வீட்டில் அது கைதட்டவேண்டிய விடயமா என்பதை யோசிக்கவேண்டும். இயந்திரத்தை வெளியே தூக்கிப்போடச் சொல்லவில்லை. அது விட்டுவைக்காத இடத்தை நாமே உண்டாக்கவேண்டியிருக்கிறது.

நண்பரின் வீட்டில் அடுத்த முறை ஒரு விதி சேர்த்தோம். இந்த விளையாட்டில் பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடக்கும்வரை இயந்திரம் காத்திருக்கும். ஆகவே தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்திவிட்டு, புள்ளியைத் தமிழில் சொன்ன பிறகே பந்தை எறியலாம் என்றோம். பதினைந்து, முப்பது, நாற்பது. பூச்சியத்துக்கு அம்மம்மா "முட்டை" என்றார், பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். இதனால் தமிழ் வாழ்ந்துவிடும் என்று நாம் சொல்லவரவில்லை. நாலு எண்களில் ஒரு மொழி நிற்காது.

ஆனால் மூன்றாவது ஆட்டத்தில் முப்பது என்று சொல்லவேண்டிய இடத்தில் அம்மம்மா துணிந்து "நாற்பது" என்றார். பேரன் திரையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், தாயிடம் ஓடிப்போய் ஒரு சொல்லைக் கேட்டுக்கொண்டு வந்தான்.

"அம்மம்மா அளாப்புறா!"

அன்று ஆட்டம் முடியவில்லை.