துஷா: ஆத்மாவா, உருப்படியா?

மொழிபெயர்ப்பு என்றதும் நம்மிடம் கைவசம் இருக்கிற ஒரே பாராட்டு 'இயல்பாக வந்திருக்கிறது' என்பதுதான். இந்த இயல்பு யாருடைய இயல்பு? ஆங்கிலத்துக்குப் போகும் பிரதிகள் சரளம் என்கிற பெயரில் தங்கள் அந்நியத்தன்மையைப் பறிகொடுக்கின்றன என்று லாரன்ஸ் வெனுட்டி 1995இல் ஒரு புத்தகமே எழுதினார். கோட்பாடாகப் பேசினால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். எனவே ஒரு தொடரைப் பிடித்துக்கொள்ளலாம்: 1842இல் வெளியான கோகலின் நாவல் தலைப்பு, 'மியோர்த்விய துஷி'. ஆங்கிலத்தில் 'டெட் சோல்ஸ்'. சொல்லுக்குச் சொல் சரி, காதுக்கும் உறுத்தவில்லை. சிக்கலே அந்த உறுத்தாமையில்தான்.

'துஷா' என்றால் ஆத்மா. ரஷ்யக் கச்சேரிக் காகிதத்தில் அதுவே ஒரு வரி அலகு. மகா பீட்டர் 1718இல் ஆள்கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டு, 1724 முதல் தலைவரி வசூலித்தார். குழந்தையிலிருந்து கிழவன்வரை வரிகட்டும் வர்க்கத்து ஆண் ஒவ்வொருவனும் ஒரு துஷா. பெண் துஷா அல்ல. 1850கள்வரை மொத்தம் பத்துக் கணக்கெடுப்புகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் செத்தவன் பட்டியலில் உயிரோடிருப்பான், அவனுக்கும் பண்ணையார் வரி கட்டியாக வேண்டும். இந்தப் பட்டியலின் பெயர் 'ஸ்காஸ்கா'. வாக்குமூலம் என்பது அதன் பழைய பொருள், தேவதைக்கதைக்கும் அதே சொல்தான். கோகல் எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அதிகார வர்க்கமே தன் ஆவணத்தைக் கதை என்று அழைத்துக்கொண்டிருந்தது. சிச்சிக்கவ் அந்தக் கதைக்குள் புகுகிறான்: செத்தவர்களைச் சல்லிசாக வாங்கி, உயிருள்ளவர்களாகக் காட்டி அறங்காவல் மன்றத்தில் அடகு வைத்தால் தலைக்கு இருநூறு ரூபிள் கிடைக்கும்.

ஆங்கிலத்திலும் 'சோல்' எண்ணிக்கைக்கு வரும். கப்பலில் முந்நூறு 'சோல்ஸ்', ஊரில் ஐந்நூறு 'சோல்ஸ்' என்பார்கள். ஆனால் அது பரிவுச்சொல். பெண்ணும் குழந்தையும் அதில் அடக்கம், வரியும் கிடையாது, அடகும் கிடையாது. ஆகவே ஆங்கில வாசகன் ரஷ்யத் தாலுகா ஆபீசுக்குள் நுழைய வேண்டிய இடத்தில் மாதாகோயிலுக்குள் நுழைந்துவிடுகிறான். சரி, 'செத்த பண்ணையாட்கள்' என்று போட்டால் என்ன? கணக்குச் சரியாகிவிடும், ஆத்மா போய்விடும்.

இரண்டும் ஒரே சொல்லில் இருப்பதன் அபாயத்தை முதலில் கண்டுகொண்டது விமர்சகர்கள் அல்ல, மாஸ்கோ தணிக்கைக் குழு. கோகல் 1842 ஜனவரியில் பிளெத்னியோவுக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கூத்து விவரமாக இருக்கிறது. தலைப்பைக் கேட்டதுமே தலைமை வகித்தவர் கத்துகிறார்: ஆத்மா அழிவற்றது, செத்த ஆத்மா எப்படி இருக்க முடியும்? ஐயா, இது வரிப்பட்டியல் துஷா என்று விளக்கியதும் இன்னும் மோசம், அப்படியானால் பண்ணையடிமை முறைக்கே எதிரான நூல் என்கிறார்கள். இன்னொருவருக்கு விலைதான் வலிக்கிறது. வெறும் பெயருக்குத்தான் என்றாலும் மனித ஆத்மாவுக்கு இரண்டரை ரூபிளா, வெளிநாட்டான் என்ன நினைப்பான்? சும்மா சொல்லக்கூடாது, இந்த நாவலுக்கு இவ்வளவு நுட்பமான வாசகர்கள் பிறகு அதிகம் வாய்க்கவில்லை. கடைசியில் பீட்டர்ஸ்பர்க்கில் அனுமதி கிடைத்தது, 'சிச்சிக்கவின் சாகசங்கள்' என்பதைத் தலைப்பின் முன்னால் ஒட்டவைத்து.

லண்டனில் 1854இல், கிரீமியப் போர்க்காலத்தில் வந்த முதல் ஆங்கில வடிவம் தலைப்பையே கழற்றி எறிந்தது. 'ரஷ்யாவில் இல்வாழ்க்கை' என்ற பெயரில், ரஷ்யப் பிரபு ஒருவர் நேரடியாக எழுதிய நூல் மாதிரி விற்கப்பட்டது. எதிரி நாட்டைப் பற்றிய தகவல் கையேடாக நாவல் சுருங்கிற்று. இயல்பாக்கத்தின் உச்சம் இது: மொழிபெயர்ப்பு என்பதே தெரியவில்லை, நாவல் என்பதும் தெரியவில்லை.

ஆனால் 'இயல்பான ஆங்கிலம்' கேட்பவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. இந்தத் தொடர் ரஷ்யனிலேயே இயல்பானதல்ல. வரலாற்றாசிரியர் பகோதின் அதைத்தான் குறைபட்டுக்கொண்டார்: பதிவான துஷா உண்டு, கழிந்த துஷா உண்டு, 'செத்த துஷா' நம் மொழியில் ஏது? நாவலுக்குள்ளேயே கரோபச்கா என்கிற பண்ணையார் விதவை, அவர்களைத் தோண்டியா எடுக்கப்போகிறாய் என்று கேட்கிறாள். அவளை மக்கு என்று சிரிக்கிறோம். அந்தத் தொடரின் விபரீதத்தை முழுசாகக் கேட்ட காது அவளுடையதுதான். மூலத்தில் விக்கிய இடத்தில் மொழிபெயர்ப்பு சரளமாக ஓடினால் அதை விசுவாசம் என்று எப்படிச் சொல்வது? தமிழில் 'இறந்த ஆன்மாக்கள்' என்றால் சைவ மடத்து வாடை அடிக்கும். 'செத்த உருப்படிகள்' என்று நான் போடுவேன். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதுகிற நோட்டைப் பார்த்தவர்களுக்கு 'தலை'யும் பொருந்தலாம். இரண்டிலும் ஆத்மா இல்லை, தெரிந்தேதான் சொல்கிறேன்.

தலைப்பு தவறினால் உள்ளே என்ன ஆகும் என்பதற்கு ஏழாம் அத்தியாயம். சபாகேவிச் தலைக்கு நூறு ரூபிள் கேட்டு, இரண்டரைக்கு இறங்கி விற்ற பட்டியலைச் சிச்சிக்கவ் விரித்துப் பார்க்கிறான். நடுவில் எலிசவேத்தா வரபேய், ஒரு பெண். பெண்பால் காட்டும் கடைசி 'ஆ' நீக்கப்பட்டு, ஆண் பெயர்களின் இறுதியில் வரும் ஊமை எழுத்தான கடினக்குறி போடப்பட்டிருக்கிறது. ஒரே எழுத்தில் அவள் ஆணாகி, துஷாவாகி, இரண்டரை ரூபிளாகிவிட்டாள். 1918 எழுத்துச் சீர்திருத்தம் சொல்லிறுதியிலிருந்து அந்தக் குறியையே நீக்கிவிட்டது. 'சோல்ஸ்' என்று படித்துவரும் ஆங்கில வாசகனுக்கு இந்த மோசடி புரியவே புரியாது. பெண்ணுக்கும் ஆத்மா உண்டே, இதில் என்ன ஏமாற்று? அடிக்குறிப்பு போட்டுத்தான் சொல்ல வேண்டும். போட்டால் நகைச்சுவை செத்துப்போகும் என்பார்கள், சாகட்டும்.

பட்டியலின் மற்ற பெயர்களுக்கெல்லாம் சிச்சிக்கவ் வாழ்க்கை கற்பிக்கிறான். தச்சன் ஸ்தெபான் எப்படி விழுந்து செத்திருப்பான், செருப்புத்தைப்பவன் மக்சீம் எப்படிக் குடித்திருப்பான் என்று பக்கம் பக்கமாக. எலிசவேத்தாவுக்கு வந்ததும் சபாகேவிச்சைத் திட்டிவிட்டு அவள் பெயரை அடிக்கிறான். அடுத்து வரும் கிரிகோரிக்கு மறுபடி ஒரு வாழ்க்கை தொடங்குகிறது.