லூகர் பி08: சேகரிப்பு மதிப்பும் வரலாற்று மதிப்பும்

லூகர் பி08, ஜெர்மானியத் தரைப்படை 1908-ல் ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கி. ஹ்யூகோ போர்ஷார்ட்டின் 1893-ஆம் ஆண்டு வடிவமைப்பை ஜார்ஜ் லூகர் கைக்கு அடக்கமாக்கி மேம்படுத்தினார். சுவிட்சர்லாந்து ராணுவம் 1900-லும், ஜெர்மானியக் கடற்படை 1904-லும் அதை ஏற்றன. இன்று பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்போர் அதிகம் தேடுபவற்றுள் இதுவும் ஒன்று. ஆனால் சேகரிப்போர் கையாளும் அளவுகோல், வரலாற்றை மதிப்பதாகச் சொல்லிக்கொண்டே அதன் தடயங்களைக் குறையாக எண்ணுகிறது.

எண்கள்

சுட்டதும் லூகரின் பின்பகுதியிலுள்ள இணைப்பு முழங்கால் மூட்டைப்போல மேல்நோக்கி மடங்கித் திறக்கும். இதற்கு நுட்பமான பொருத்தம் தேவை என்பதால் பாகங்கள் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியே சரிசெய்யப்பட்டன. அவை கலந்துவிடாதிருக்க, வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் சிறு பாகங்களிலும் பொறிக்கப்பட்டன. உடன் வழங்கப்பட்ட இரண்டு தோட்டாப் பெட்டிகளுக்கும் அதே எண். இரண்டாவதில் கூட்டல் குறி இருக்கும்.

எல்லா எண்களும் ஒத்திருந்து, தொழிற்சாலையின் கருநீல மெருகும் கலையாமல் இருந்தால் விலை உயர்கிறது. ஒரு சிறு பாகம் மாறியிருந்தாலும் சரிகிறது. பிற்கால வியாபாரிகள் உதிரிபாகங்களைக் கோத்து விற்பதுண்டு என்பதால் இந்த எச்சரிக்கையில் நியாயம் உள்ளது.

அளவுகோலின் குறை

எண் மாறியதற்கான காரணத்தை இந்த அளவுகோல் கேட்பதில்லை. போர்க்காலத்தில் உடைந்த பாகத்தை ராணுவப் பட்டறையில் மாற்றுவது வழக்கமான வேலை. கிழக்குப் போர்முனையில் கைப்பற்றிய லூகர்களைச் சோவியத் படைக்கலக் கிடங்குகள் பிரித்து, பாகங்களைக் கலந்து பூட்டி, மீண்டும் மெருகேற்றின. சேகரிப்போர் இவற்றைக் கீழ்த்தட்டில் வைக்கின்றனர். போரில் தோற்ற படையின் ஆயுதம் வென்றவர் கைக்குப் போனதற்கான நேரடிச் சான்று அவையே. பெட்டியை விட்டு அதிகம் வெளியே வராத துப்பாக்கி உயர்ந்ததாகவும், படையோடு அலைந்தது தாழ்ந்ததாகவும் ஆகிறது.

இதனால் மோசடியும் வளர்கிறது. விலை எண்ணில் இருப்பதால், பொருந்தாத எண்ணை அரைத்து நீக்கிப் புதிய எண்ணைப் பொறிக்கின்றனர். தேய்ந்த மெருகைப் புதுப்பிக்கின்றனர். உண்மையான பழுதுபார்ப்பின் தடயம் அப்போது நிரந்தரமாக அழிகிறது.

அளவுகோல் சரியாக வேலை செய்யும் இடங்களும் உண்டு. வெர்சாய் ஒப்பந்தக் கட்டுப்பாடுகள் இருந்த 1934-ல் மவுசர் ஆலை, தன் பெயருக்குப் பதில் எஸ்/42 என்றும், ஆண்டுக்குப் பதில் கே என்ற எழுத்தையும் பொறித்தது. இத்துப்பாக்கிகளுக்குக் கிடைக்கும் உயர்விலை, ரகசியமாக நடந்த ஆயுதப் பெருக்கத்தை நினைவில் வைக்கிறது. முதல் உலகப்போர் ஆண்டோடு 1920 என்ற எண்ணும் சேர்த்துப் பொறிக்கப்பட்டவை, வெய்மார் குடியரசு பழைய ஆயுதங்களைத் தன் உடைமையாகக் குறித்ததைக் காட்டுகின்றன. இங்கே பின்னர் பொறித்த குறியைச் சேகரிப்போர் வரலாறாக ஏற்கின்றனர். பட்டறையில் மாற்றிய பாகத்துக்கு மட்டும் அந்த இடத்தை மறுப்பது முரண்.

மதிப்பீடு

1938-ல் வால்தர் பி38 ஏற்கப்பட்ட பிறகும் லூகர் உற்பத்தி சில ஆண்டுகள் தொடர்ந்தது. இரண்டு உலகப்போர்களில் பயன்பட்ட ஆயுதத்தில் தேய்மானமும் மாற்றமும் இருப்பது இயல்பு. எண் பொருத்தம் தொழிற்சாலையை விட்டு வெளியேறிய நாளைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். அதற்குப் பிந்தைய ஆண்டுகளை அறிய, யார், எப்போது, எதற்காகப் பாகத்தை மாற்றினார்கள் என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். விலைப்பட்டியலோடு நிற்கும் சேகரிப்பு நூல்களில் இந்தப் பதிவுக்கு இடமில்லை.