தேடச் செய்த பெட்டியில் வேலை வாங்கலாமா?

மேக் கணினியில் ‘சர்வீசஸ்’ என்றொரு துணைமெனு உண்டு. ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளுக்கு வெளியே இருந்த காலத்தில் உருவான நெக்ஸ்ட்ஸ்டெப் இயங்குதளம் விட்டுச்சென்ற சொத்து அது. ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து, அந்த மெனுவில் ஒன்றைச் சொடுக்கினால், உரை இன்னொரு நிரலிடம் போய், மாறி, பழைய இடத்திலேயே வந்து உட்காரும். பாமினி எழுத்துருவில் வந்த கட்டுரையை யூனிகோடாக்குவது போன்ற வேலைகளுக்கு நல்ல ஏற்பாடு. 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்டு பதிப்பு முதல், ஆட்டோமேட்டர் என்ற நிரலைக் கொண்டு யார் வேண்டுமானாலும் தனக்கான சர்வீஸைக் கோத்துக்கொள்ளலாம்.

குறையெல்லாம் அது இருக்கும் இடத்தில்தான். மெனுவுக்குள் மெனு, அதற்குள் நீண்ட பட்டியல். குறுக்குவிசை கொடுக்கலாம், ஆனால் நல்ல விசைச் சேர்க்கைகளை மற்ற நிரல்கள் ஏற்கெனவே பங்குபோட்டுக்கொண்டுவிட்டன. மிஞ்சியதைக் கொடுத்தால் எதற்கு எது என்பது மறந்துபோகிறது. ஆகவே குவிக்சில்வர், லாஞ்ச்பார், ஆல்ஃப்ரெட், ரேகாஸ்ட் போன்ற, பெயரைத் தட்டி நிரல்களைத் தேடித் திறக்கும் லாஞ்சர்களின் பெட்டியைத் திறந்து, பெயரில் இரண்டு எழுத்தைத் தட்டி, என்டர் அழுத்தி வேலையை முடிக்கும் பழக்கம் பரவியது. விரல் மறப்பதை நாக்கு மறப்பதில்லை. வேலையின் பெயர் நினைவில் நிற்கும். இந்த வாதத்தில் எனக்கு மறுப்பில்லை. பட்டியல் நீண்டவருக்கு வேறு வழியும் இல்லை.

மறுப்பு வேறோர் இடத்தில். லாஞ்சர் தேடுவதற்காகப் பிறந்தது. தேடலில் பிழை நேர்ந்தால் வேறொரு நிரல் திறக்கும், மூடிவிட்டுப் போகலாம். தானியங்கி வேலையில் பிழை நேர்ந்தால் ஐம்பது கோப்புகளின் பெயர் மாறிவிடும். இந்த வேறுபாட்டை லாஞ்சர்கள் போதிய அளவு மதிப்பதில்லை.

குறிப்பாக அவற்றின் வரிசைப்படுத்தும் முறை. லாஞ்ச்பாரும் குவிக்சில்வரும் நம் பழக்கத்தைக் கற்று, அடிக்கடி தேர்ந்ததை மேலே கொண்டுவருகின்றன. தேடலுக்கு இது வரம். ஆனால் கை பழகியவர் திரையைப் பார்ப்பதில்லை; இரண்டு எழுத்து, என்டர், அவ்வளவுதான். புதிதாக நிறுவிய ஏதோ ஒன்று அதே எழுத்துகளுக்குப் பொருந்தி மேலே ஏறிய அன்று, அவர் கேட்காத வேலை நடந்துவிடும். கேள்வி கேட்டு உறுதிசெய்யும் சாளரம் இதற்கு மருந்தாகாது. பழகிய கை அதற்கும் சேர்த்தே ஒரு என்டரை அழுத்திவிடும். மேக் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின் 2000-இல் வெளியான தம் நூலில் இதையெல்லாம் விரிவாகவே பேசியிருக்கிறார்.

அடுத்தது, வேலை எதன்மேல் நடக்க வேண்டும் என்ற கேள்வி. சர்வீஸுக்கு உயிர், முன்னால் இருக்கும் நிரலில் தேர்ந்தெடுத்த உரை. லாஞ்சர் பெட்டி திறந்ததும் விசைகள் அதன் பக்கம் போய்விடுகின்றன. தேர்ந்தெடுத்ததைப் பிடிக்க, அது நமக்குத் தெரியாமல் நகல் விசையை அழுத்த வேண்டும், அல்லது அணுகல்தன்மை அனுமதி வாங்கி எட்டிப் பார்க்க வேண்டும். முன்னதில் நகல் பலகையில் முன்பு இருந்தது காணாமல் போகும் அபாயம் உண்டு. பின்னது எல்லா நிரல்களிலும் ஒரேபோல் வேலை செய்வதில்லை.

இதற்கு நேர்மையான விடை சொன்னவர்கள் இருவர். நிகலஸ் ஜிட்காஃப் 2003-இல் வெளியிட்ட குவிக்சில்வரில் முதல் கட்டத்தில் பொருள், இரண்டாவதில் வினை. (தமிழருக்குப் பழகிய வரிசைதான்.) எதன்மேல் என்பது கண்முன்னே நிற்கிறது. ஜெஃபின் மகன் ஏசா ராஸ்கின் குழு 2007-இல் விண்டோஸுக்குத் தந்த என்சோவில், கேப்ஸ் லாக்கை அழுத்திப் பிடித்தபடியே கட்டளையைத் தட்ட வேண்டும். விட்டதும் தேர்ந்தெடுத்த உரையில் வேலை நடக்கும். விரல் விசைமேல் இருக்கும்வரை, தான் கட்டளை கொடுத்துக்கொண்டிருப்பது உடம்புக்கே தெரியும். என்சோ நிலைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அதன் வேகத்தை எடுத்துக்கொண்டார்கள், கவனத்தை விட்டுவிட்டார்கள்.

தமிழில் தட்டுபவருக்குத் தனித் தொல்லை ஒன்று. விசைப்பலகை அஞ்சலிலோ தமிழ் 99-இலோ இருக்கும்போது பெட்டியைத் திறந்தால், ஆங்கிலப் பெயருள்ள வேலை எதுவும் பொருந்தாது. ஆல்ஃப்ரெடில் பெட்டிக்கு மட்டும் ஒரு விசைப்பலகையைக் கட்டாயமாக்க முடியும். தமிழ் எழுத்தாளருக்கு இந்த ஒரு வசதி, லாஞ்சருடன் சேர்க்கக் கடை நிறையக் கிடைக்கும் நீட்சிகளைவிடப் பெரிது.

என் தீர்ப்பு இது: கோப்புகளின்மேல் நடக்கும், எப்போதாவது தேவைப்படும் வேலைகளுக்கு லாஞ்சரே சிறந்த வாசல், அதிலும் பொருளை முதலில் காட்டும் குவிக்சில்வர் முறைதான் சரி. தேர்ந்தெடுத்த உரையில் நாள்தோறும் செய்யும் இரண்டு மூன்று வேலைகளுக்கு நேர் குறுக்குவிசையை எதுவும் வெல்லாது. திரும்பப் பெற முடியாத வேலையை, வரிசை மாறும் பட்டியலில் வைக்கவே கூடாது. நாமே நிர்ணயித்த முழுச்சொல் ஒன்றுக்கு மட்டும் அது எழ வேண்டும். 2025-இன் டஹோ பதிப்பில் ஆப்பிளின் தேடல் பெட்டியான ஸ்பாட்லைட்டும் செயல்களையும் அவற்றுக்கான குறுஞ்சொற்களையும் ஏற்கத் தொடங்கியிருப்பது இந்தத் திசையில்தான்.

ஒரு நிபந்தனையும் உண்டு. 2018-இன் மொஹாவி பதிப்பு முதல், ஒரு நிரல் இன்னொன்றை இயக்க நம் அனுமதி தேவை. லாஞ்சருக்குள் ஓடும் ஸ்கிரிப்டுக்காக நாம் கொடுக்கும் அனுமதி பொதுவாக லாஞ்சரின் பெயரில் பதிவாகிறது. ஐந்து வரி ஸ்கிரிப்டை நம்பித் திறந்த கதவு, நாளை யாரோ எழுதிய நீட்சிக்கும் திறந்தே இருக்கும். ஆகவே உள்ளே இருப்பதைப் படித்துப் பார்க்க முடியாத நீட்சியை, எத்தனை பேர் பாராட்டினாலும், அந்தப் பெட்டிக்குள் நான் சேர்க்கமாட்டேன்.