கணக்கில் ஏறாத குலுக்கை

1881 பிப்ரவரி 17 இரவு நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் சம்சாரிகளின், அதாவது விவசாயிகளின், வீடுகளும் சேர்ந்தன. அதே ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பண்ணைக் கூலியாள் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று இன்றும் பெயரோடு படிக்கலாம். நமக்கு மிஞ்சியது கூட்டுத்தொகை அட்டவணைகள்தான்.

எனக்கென்னவோ, கரிசல் வீட்டுக்கு, தானியம் சேர்த்து வைக்கும் மண் குதிரான குலுக்கையே சரியான பதிவேடு. மண்ணில் வைக்கோலை மிதித்துக் குழைத்து, காயக் காய வளையம் வளையமாக ஏற்றிய உயரம். கம்பையும் சோளத்தையும் மேலே கொட்டி, அடியில் துணி அடைத்த ஓட்டை வழியே எடுப்பார்கள். பழைய தானியம்தான் முதலில் வரும். என்ன கெட்டிக்காரத்தனம்! வெளியே தட்டினாலே இருப்புத் தெரிந்துவிடும். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ட வீடுகளுக்கு அந்தச் சத்தத்தின் அருமை தெரிந்திருக்கும்.

ஊரில் முழுசாக ஒரு குலுக்கை நின்றால், இடிக்குமுன் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.